வால்வு கேஸ் முடிஞ்சுது

அன்புள்ள கலா,

போன்ல நீ என்னைப் பேச விடமாட்டே, அதான் எழுதுறேன். சித்திரையில வந்த உன் கடிதத்துக்கு இன்னும் பதில் போடலைங்கிறதும் மனசை உறுத்திக்கிட்டே இருக்கு. இங்க எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலிதான் குறையல.

குடிநீர்க் குழாய் வால்வை உடைச்ச கேஸ்ல நம்ம பேச்சி மகனுக்குப் போன செவ்வாய்க்கிழமை விடுதலை ஆயிருச்சுடீ. எட்டு வருஷக் கேஸ், தீர்ப்பு வாசிக்க அஞ்சு நிமிஷம்கூட ஆகல. பேச்சி அழுவாள்னு நெனச்சேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னு என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வெளிய வந்துட்டா.

2017 கோடை உனக்கு மறந்திருக்காது. எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அறிவிச்ச வருஷம். கூட்டுக் குடிநீர்க் குழாய் நம்ம ஊர் ஓரமாத்தான் போகுது, நம்ம தொட்டிக்கு மட்டும் இருபது நாளாத் தண்ணி ஏறல. அந்த ஆத்திரத்துல அவன் கடப்பாரையை எடுத்து ஏர் வால்வு (குழாய்க்குள்ள சேர்ற காத்தை வெளியேத்துறது) மேல ஒரே போடு. அதை நான் சரின்னு சொல்லமாட்டேன். எட்டு ஊருக்கு ரெண்டு நாள் தண்ணி போகல, அங்கேயும் பிள்ளைங்க இருக்குல்ல. பேச்சியும் அன்னிக்கே வளையலைக் கழட்டி, "செலவு என்னன்னு சொல்லுங்க, கட்டிடுறேன்"னா. கேக்கத்தான் ஆள் இல்ல.

1984-ஆம் வருஷப் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்துல கேஸ் போட்டாங்க. தண்ணி, கரண்டு, டெலிபோன் சம்பந்தப்பட்டதுன்னா ஆறு மாசத்துலேர்ந்து அஞ்சு வருஷம் வரை கடுங்காவல். ஜட்ஜ் காரணம் எழுதினா ஆறு மாசத்துக்குக் கீழ குறைக்கலாம். எப்.ஐ.ஆர்-ல சேதம் ஒன்றரை லட்சம்னு இருந்துச்சு. கடைசியில கோர்ட்டுக்கு வந்த பில் 4,800 ரூபா.

அந்த 4,800-க்கு அரசாங்கம் எத்தனை செலவு பண்ணுச்சு தெரியுமா? பேச்சி ஒவ்வொரு வாய்தாவையும் காலண்டர்ல சுழிச்சு வெச்சிருக்கா, எண்ணினேன், நாப்பத்தொண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ஸ்டேஷன்லேர்ந்து ஒரு ஏட்டு. மாற்றலாகிப் போன இன்ஜினியர் மூணு தடவை பயணப்படி வாங்கிக்கிட்டு வந்து சாட்சி சொல்லாமலே திரும்பினார். எல்லாம் நீயும் நானும் கட்டுற வரிதான். பையன் போலீஸ் வேலைக்கு எழுதணும்னு காலையில கண்மாய்க் கரையில ஓடுவானே, குத்தம் சந்தேகமில்லாம நிரூபணமாகலன்னு, சந்தேகத்தின் பலன்ல வந்த விடுதலை அதுக்குச் செல்லாதாம். இப்ப வயசும் தாண்டிருச்சு.

இதைவிட ஒண்ணு எனக்கு நெஞ்சை அடைக்குது. முன்னெல்லாம் குழாய் கசிஞ்சா ஆடு மேய்க்கிற கிழவர்கூட ஆபரேட்டருக்குச் சொல்லி அனுப்புவார். கேஸுக்கு அப்புறம் ஒருத்தரும் வாய் திறக்கறதில்ல, முதல்ல பார்த்தவனைத்தானே உடைச்சவன்னு பிடிப்பாங்கன்னு பயம். போன தை மாசம் அதே தொட்டிப் பக்கம் குழாய் மூட்டு விட்டு, மூணு வாரம் ராப்பகலாத் தண்ணி ஓடி, கருவேலங்காட்டுக்குள்ள தவளை கத்துச்சு கலா! குடிக்கிற தண்ணி. நாங்க எல்லாரும் பார்த்துக்கிட்டே அந்த வழியா நடந்து போனோம்.

2024-ல, சட்டத்தை எப்படி மாத்தலாம்னு மத்திய அரசுக்கு யோசனை சொல்ற சட்ட ஆணையம் 284-ஆவது அறிக்கையில, சேத மதிப்புக்குச் சமமான பணத்தைக் கட்டினாத்தான் ஜாமீன்னு ஆக்கணும்னு சொல்லியிருக்கு. அப்பவே அது இருந்திருந்தா பேச்சி ஒன்றரை லட்சத்துக்கு எங்க போயிருப்பா? அவன் இருபத்துநாலு நாள் ஜெயில்ல இருந்ததே அவளைப் பாதியாக்கிடுச்சு. உடைச்சவன் செலவைக் கட்டட்டும், வேணும்னா நின்னு மண்ணு வெட்டிக் குழாயைச் சரிபண்ணட்டும். எட்டு வருஷத்தை எடுத்துக்கிட்டு யாருக்கு என்ன கிடைச்சுது?

உன் மருமக வளைகாப்புக்குக் கட்டாயம் வர்றேன். வெறும் புளியோதரையோட அனுப்பிடாதே, ஒன்பதாம் வகுப்புக் கடன் இன்னும் பாக்கி இருக்கு.

ஒரு உதவி வேணும். அக்டோபர் 2 கிராம சபையில ஒரு தீர்மானம் கொண்டுவரப் போறேன்: கசிவைச் சொல்ல வர்றவங்க பேரைக் கேக்கக் கூடாது, போலீஸுக்கு அனுப்பக் கூடாது. வாசகம் உனக்குத்தான் வரும், எழுதி அனுப்பு. பேச்சி முதல் கையெழுத்துப் போடுறேன்னு சொல்லியிருக்கா.

அன்புடன்,
ஜெயா