புது ஹெல்மெட்டுக்குப் பணம் போட்டிருக்கிறேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். உன் கணக்கில் 2,500 ரூபாய் போட்டிருக்கிறேன். புது ஹெல்மெட் வாங்கிக்கொள், வேறு எதற்கும் எடுத்துவிடாதே. பழையதை யாருக்கும் கொடுக்காதே. வாட்ச்மேன் அண்ணன் கேட்டாலும் கொடுக்காதே, வாரை அறுத்துத் தூக்கிப் போட்டுவிடு. ஹெல்மெட்டுக்கு உள்ளே தெர்மாகோல் மாதிரி இருக்கிறதே, அதுதான் அடியை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினால் மறுபடி எழும்பாது, வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் இருக்கும். அதனால் ஒரு தடவை ரோட்டில் பட்டதைத் திரும்பப் போடவே கூடாது. பொதுவாகத்தான் சொல்கிறேன். எப்படியும் அது பழசாகிவிட்டது.

ரோட்டோரத்தில் குவித்து விற்கிறார்களே, அதை வாங்காதே. கடைக்குப் போய் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, தலையில் வைத்து ஆட்டிப் பார். தலை ஆடும்போது அதுவும் கூடவே ஆட வேண்டும், தனியாகச் சுற்றக் கூடாது. கிளிப் மாட்டினால் டக்கென்று சத்தம் கேட்க வேண்டும். கிளிப் மாட்டாத ஹெல்மெட் விழும்போது முதலில் கழன்று ஓடிவிடும். உனக்கு அவசரம் என்றால் கிளிப்பை மறந்துவிடுவாய், பள்ளிக்கூடத்துக்கு ஷூ லேஸ் கட்டாமல் ஓடின பிள்ளை நீ.

கொஞ்ச நாளாக வீடியோவில் வராமல் பேசுகிறாய். நெட் சரியில்லை என்றாய், சரி. ஆபீசுக்கு பஸ்ஸில் போவதாகவும் சொன்னாய், பெட்ரோல் செலவு மிச்சம் என்றாய், அதுவும் சரி. நீ அனுப்பிய போட்டோவில் இடது கையில் காபி டம்ளரைப் பிடித்திருந்தாய். பார்த்தேன், அவ்வளவுதான்.

அப்பத்தாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதைப் பற்றி விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அப்புறம் எழுதுகிறேன்.

அப்பா தினமும் பேப்பரில் விபத்துச் செய்தியை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார். 2022-ல் மட்டும் நாடு முழுக்க ரோட்டில் செத்தவர்கள் 1,68,491 பேராம். நூற்றுக்கு 44 பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் நம் தமிழ்நாடுதான் முதலிடம். உன்னை நேராகக் கேட்க அவருக்கு வாய் வராது, அதனால் என்னிடம் படிக்கிறார். 'வண்டியை வித்துட்டு வரச் சொல்லு' என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறார். திருமயம் ரோட்டில் சின்ன மாமாவுக்கு நடந்ததிலிருந்து அவர் அப்படித்தான், உனக்குத் தெரியும்.

ஆனால் அப்பா லாரி ஓட்டிய மனுஷர், அவர் சொல்வதில் ஒன்றை நீ காதில் வாங்க வேண்டும். கேபினில் உட்கார்ந்தால் இடது பக்கக் கதவை ஒட்டி, கீழே நிற்கிற ஸ்கூட்டர் தெரியவே தெரியாதாம். கண்ணாடியிலும் விழாதாம். லாரி இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்திலேயே போகாது, உள்பக்கமாக நெருக்கிக்கொண்டு வரும். அந்த இடைவெளியில் வண்டி நுழைந்தால் டிரைவர் நல்லவராக இருந்தும் பயனில்லை. ஓஎம்ஆரில் தண்ணி லாரிகள் ஓடுகிற ஓட்டத்தை நான் அங்கே வந்தபோது பெருங்குடியில் நின்று பார்த்தேன். மெட்ரோ வேலைக்கு நடுவில் தகரம் அடைத்து ரோடு சுருங்கியிருக்கிறது. லாரி நின்றால் அதற்குப் பின்னாலேயே நில், இடது பக்கம் இடம் இருக்கிறதே என்று நுழையாதே. தாமதமானால் ஆகட்டும்.

ஹெல்மெட் போடாவிட்டால் போலீஸ் 1,000 ரூபாய் அபராதம் போடுவதை உன் சித்தப்பா கொள்ளை என்கிறார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், போடட்டும். ஆனால் 2019-ல் திருத்திய அதே மோட்டார் வாகனச் சட்டத்தில், ரோட்டைத் தரப்படி போடாமல் அதனால் உயிர் போனாலோ ஊனமானாலோ, போட்டவர்களுக்கும் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களுக்கும் ஒரு லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. ஹெல்மெட் போடாதவனை மடக்கிப் பிடிக்கிற வேகத்தில் அதையும் போட்டுப் பார்க்கட்டும். வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடை, மூடி இல்லாத பள்ளம், தோண்டிவிட்டு மண்ணை மட்டும் தள்ளி மூடின தெரு, இதில் விழுகிற பிள்ளை வீட்டில் திட்டு வாங்கப் பயந்து மறைத்துக்கொள்கிறது. எனக்கு அதுதான் ஆறவில்லை. விழுந்தவள்மேல் தப்பே இல்லாமலும் விழலாம்.

சென்னையில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முதலிடம் என்று மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்தது. பாண்டி பஜாரில் நீ கூட்டிப்போன அந்த அகலமான நடைபாதையில் அப்பத்தாகூட பயமில்லாமல் நடந்தார்கள். அதையே உன் ஆபீஸ் வழியிலும் செய்திருந்தால் நீ சைக்கிளை விட்டிருக்கவே மாட்டாய். முதல் வருஷம் சைக்கிளில்தானே போனாய். சர்வீஸ் ரோடு முழுக்கக் கார் நிறுத்தி வைத்து, சைக்கிளைப் பெரிய வண்டிகளுக்கு நடுவில் தள்ளிவிட்டார்கள். காரில் போகிறவர்களுக்கு நிறுத்த இடமும் பாலமும் கேட்காமலே கிடைக்கிறது. மற்றவர்கள் ஓரமாகப் போய்க்கொள்ள வேண்டியிருக்கிறது. இது சரியில்லை, யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

நீ ஸ்கூட்டர் வாங்கியபோது அப்பா வேண்டாம் என்றார், நான்தான் வாங்கச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் வாங்கத்தான் சொல்வேன். 1992-ல் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டபோது ஊர் பேசாத பேச்சில்லை. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா அறிவொளிப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்க பேங்கில் கடன் ஏற்பாடு செய்தார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினோம். குடுமியான்மலைப் பக்கம் கல்குவாரிக்குப் போகிற அக்காக்கள்கூட ஓட்டினார்கள். முட்டியில் தோல் உரியாதவள் எங்களில் ஒருத்தியும் இல்லை. அதற்கு அப்புறம் தண்ணீர் எடுக்க, ஆஸ்பத்திரிக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, யார் வருவார்கள் என்று வாசலைப் பார்த்து நின்றதில்லை. பாரில் சின்ன சீட் போட்டு உன்னை உட்கார வைத்து அன்னவாசல் போவேன், வழி முழுக்க நீதான் மணி அடிப்பாய். அந்தப் பிள்ளை இன்று அவ்வளவு பெரிய ஊரில் தனியாக வண்டி ஓட்டுகிறது என்பதில் எனக்கு இருக்கிற பெருமை உன் மார்க் ஷீட்டில்கூட இல்லை.

அதற்காக மழையில் ஓட்டாதே. ஐப்பசி, கார்த்திகையில் பஸ் நல்லது, சாதாரண பஸ்ஸில் நமக்குக் கட்டணமும் இல்லை. மேப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திவிட்டுப் பார். துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கொள். ரோட்டோர மணலில் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் வண்டி சறுக்கிவிடும். சென்னையில் பெரிய ரோடுகளில் டூவீலர் 50 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம் என்று விதி இருக்கிறது, இருந்தாலும் 50-ல் போனால் ஒரு நொடிக்கு 14 மீட்டர் போய்விடுவாய். குழி கண்ணில் பட்டு, கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த 14 மீட்டர் முடிந்துவிடும். லாரிக்கு இடது பக்கம் போகாதே. கிளிப்பை மறக்காதே.

உன்னோடு தங்கியிருக்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லி வை. ரோட்டில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, ஒரு வரம்பு வரை, அரசே ஏற்கிற திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் பார்ப்பார்கள். 108-க்கு அடித்தால் போதும். தூக்கிவிடுகிறவர்களைப் பெயர் சொல்லு, சாட்சிக்கு வா என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது, சட்டமே இருக்கிறது. அதனால் யாராவது கை கொடுத்தால் வெட்கப்படாமல் பிடித்துக்கொள்ளலாம்.

சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். கையை ஊன்றி விழுந்தால், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இருக்கிற சின்ன எலும்பு விரிசல் விடுமாம். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலேயே இருக்கலாமாம், பத்துப் பதினைந்து நாள் கழித்து எடுத்தால்தான் தெரியுமாம். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருந்தால் எலும்பு கூடாமல் போய், பிறகு பிடிப்பே குறைந்துவிடுமாம். யாருக்காவது அந்த இடத்தை அமுக்கினால் வலிக்கிறது என்றால் எலும்பு டாக்டரிடம் மறுபடி போகச் சொல்லு. பணம் இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம், என்னிடம் இருக்கிறது. சங்கத்தில் எடுத்த கடன் அடைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சந்தைக்குப் போய்விடுவார், திரும்ப மதியமாகிவிடும். அப்போது கூப்பிடு. வீடியோ வேண்டாமென்றால் வேண்டாம். நான் திட்ட மாட்டேன், வண்டியை விற்கச் சொல்லவும் மாட்டேன். எது என்றாலும் என்னிடம் சொல்லு பாப்பா. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து யோசித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா