வெட்டாத பதிவை வெளியிடுகிறேன், அக்கா

அக்கா,

பாலத்தை இடித்துவிட்டார்கள் என்ற தகவல் உங்களுக்கும் வந்திருக்கும். அந்தப் பாலத்தில் நாம் எடுத்த ஒலிப்பதிவை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே வெளியிடுவதென்று முடிவெடுத்துவிட்டேன். நீங்கள் கேட்டதும் இதைத்தான். கேட்ட விதம்தான் இன்னும் உறுத்துகிறது.

அன்று இரும்புத் தூணில் 27 மி.மீ. பீசோ தகட்டை (அதிர்வை மின்குறியாக மாற்றும் தகடு) ஒட்டி, ரெக்கார்டரின் லைன் உள்ளீட்டில் செருகியபோது சன்னமான கீச்சொலிதான் வந்தது. நீங்கள் ஒன்றும் பேசாமல் 1 மெகாஓம் உள்ளீடுள்ள ப்ரீஆம்பை, அதாவது முன்பெருக்கியை, நடுவில் வைத்தீர்கள். உங்களுக்குத் தெரிந்த கணக்குதான், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பீசோ தகடு ஒரு மின்தேக்கி மாதிரி. அது 20 நானோஃபாரட் என்றால், 10 கிலோஓம் உள்ளீட்டில் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரிந்துவிடும். 1 மெகாஓமில் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஹெட்போனில் பாலத்தின் அடிக்குரல் திமுதிமுவென்று எழுந்தது. அடுத்து, காற்றில் ஆடிய கேபிள் தகட்டை இழுத்து டொக் டொக்கென்றது. கொஞ்சம் தளர்வு விட்டு, கேபிளைத் தனியாகக் கம்பியில் டேப் போட்டுக் கட்டினீர்கள். அந்தப் பொறுமையை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.

அந்தப் பதிவிலிருந்து நான் செய்த இசையில் பாலமே இல்லை என்றீர்கள். 1948இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் ஷேஃபர் மணியோசையின் தொடக்கத் தட்டலை நீக்கிப் பார்த்தாரே, நான் வெட்டியதும் அதே வழிதான். தட்டல் போனால் அது இரும்பென்று காதுக்குப் பிடிபடாது, நீளும் ஓசை மட்டும் நிற்கும். எனக்கு வேண்டியது அந்த ஓசை, உங்களுக்கு வேண்டியது அந்த இடம். மனம் நொந்திருந்தால் மன்னித்துவிடுங்கள். ஆனால் இன்றைக்குச் செய்தாலும் அப்படித்தான் வெட்டுவேன்.

உங்கள் பெயர் நீக்கப்பட்ட விவகாரத்தை இங்கே எழுதப்போவதில்லை, நாலு பேர் படிக்கும் இடம். நீக்கச் சொன்னது நானில்லை என்பது மட்டும் பதிவாகட்டும்.

கோப்புகள் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்ஷன் போடவில்லை, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரும் இல்லை. லாரி ஏறும்போது வரும் அதிர்வின் பெரும்பகுதி அந்த எல்லைக்குக் கீழேதான் கிடக்கிறது. அதை வெட்டினால் பாரம் போய்க் கடகடப்பு மட்டும் மிஞ்சும்.

எந்தக் கோப்பு எந்தத் தூண் என்ற குறிப்பு உங்கள் நோட்டில்தான் இருக்கிறது. அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். என்னோடு பேசக்கூட வேண்டாம், குறிப்பு வந்தால் போதும். உங்கள் பெயர் எப்படி வர வேண்டும் என்பதையும் அதோடு எழுதிவிடுங்கள், அக்கா.