புகையை எரிக்கும் அடுப்பு

ஒஸ்லோ, நார்வே, செப்டம்பர் 22

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவின் முட்டுவலி தேவலையா?

நேற்று காட்டில் சமைத்தேன். பயப்படாதே, மெட்ரோ ரயிலின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் சோங்ஸ்வான் ஏரி, அதைத் தாண்டினால் காடுதான். இந்த நாட்டில் காட்டுக்குள் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், கூடாரம் போட்டுத் தங்கலாம். 1957-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டுப் பக்கம் தீ மூட்டத் தடை. அது முடியட்டும் என்று காத்திருந்தேன்.

அடுப்பு ஒரு சொம்பு அளவுதான், எடை கால் கிலோ. கீழே உதிர்ந்து கிடக்கும் சுள்ளியை விரல் நீளத்துக்கு ஒடித்துப் போட்டால் போதும். இங்கே பிர்ச் என்று ஒரு வெள்ளை மரம். அதன் பட்டையில் எண்ணெய்ப் பசை உண்டு, மழையில் நனைந்திருந்தாலும் நம் தென்னம்பாளை மாதிரி சடசடவென்று பற்றிக்கொள்கிறது.

இதையெல்லாம் உனக்கு எழுதுவது புகைக்காகத்தான் அம்மா. இந்த அடுப்புக்கு இரண்டு சுவர். கீழ் ஓட்டைகளில் நுழையும் காற்றில் கொஞ்சம் அந்தச் சுவர்களுக்கு நடுவே ஏறி, நன்றாகச் சூடாகி, உள்சுவரின் மேல் ஓட்டைகள் வழியாக வந்து புகையோடு கலக்கிறது. புகையே எரிந்துவிடுகிறது! ஊதாங்குழலுக்கு வேலையே இல்லை. நீ அடியில் பற்றவைப்பாய், இதில் சுள்ளியை நிரப்பி மேலே பற்றவைக்க வேண்டும். முதல் தடவை மேல் ஓட்டைகள் மூடும்படி நிரப்பிவிட்டேன். ஒரே புகை, கண்ணைத் திறக்க முடியவில்லை. தினமும் விடியற்காலையில் உனக்கு இப்படித்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சுள்ளியைக் குறைத்ததும் சரியாகிவிட்டது.

பாத்திரத்தில் கரி பிடிக்கத்தான் செய்கிறது. நீ சாம்பலைக் குழைத்துப் பூசுவாயே, நான் அடியில் சோப்பைப் பூசிவிட்டேன். ரவை உப்புமா நன்றாக வந்தது.

காஸ் வந்த பிறகும் வெந்நீருக்கு நீ விறகடுப்பை விடவில்லை. அதனால் படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். அப்பாவிடம் சொல்லிப் பட்டறையில் கொஞ்சம் பெரிதாகச் செய்யச் சொல். எவர்சில்வர் தகடுதான் வேண்டும். நாகம் பூசிய தகரம் வேண்டவே வேண்டாம், சூட்டில் அந்தப் பூச்சு நச்சுப் புகை விடும். திறந்த வெளியில் வைத்தே எரி. ஓட்டைகளின் அளவைப் படத்திலேயே குறித்திருக்கிறேன்.

அப்புறம், ரசப்பொடி தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
உன் மகன்