நெஞ்சைத் திறக்காததற்குக் காரணம்

சிவமயம்
காரைக்குடி

அன்புள்ள மகன் சொக்கலிங்கத்துக்கு ஆத்தா எழுதுவது.

உன் அப்பச்சியின் இதய வால்வை நெஞ்சைத் திறந்து ஒரேயடியாகச் சரி பண்ணாமல், தொடையில் ஓட்டை போட்டு ஒப்பேற்றப் பார்க்கிறார்களா என்று போனில் கத்தினாயே, அதையே மதுரை டாக்டரிடம் நானும் கேட்டேன். அவர் சி.டி. ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார். அப்பச்சிக்கு வால்வில் மட்டுமல்ல, அதற்கு மேலே இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் சுவர் முழுக்க வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த நம் வீட்டு வளவுச் சுவர் மாதிரியே இருந்தது. நெஞ்சைத் திறந்தால் இதயத்தை நிறுத்த அந்தக் குழாயைக் கிடுக்கி போட்டு நெருக்க வேண்டுமாம். நெருக்கினால் சுண்ணாம்பு பெயர்ந்து, துணுக்கு மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம். சிக்கனம் பார்த்துச் சொல்லவில்லையப்பா. வால்வு விலையே லட்சக்கணக்கில்!

அதனால்தான் தொடை வழி. மடக்கிய புது வால்வைத் தொடை ரத்தக்குழாய் வழியாக இதயம் வரை கொண்டுபோய் விரிப்பார்கள். பழையதை வெட்டி எடுப்பதில்லை, புதியது அதை ஓரமாக நெருக்கிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். 2002இல் பிரான்சில் அலன் கிரிபியே என்ற டாக்டர் இதை முதலில் செய்தாராம். அப்பச்சிக்கு இடுப்புக் குழாயிலும் சுண்ணாம்பு, வால்வு நுழைய இடமில்லை. அங்கே ஒரு பலூனை வைத்து அதிர்வலை கொடுப்பார்கள். பெரியப்பச்சிக்குக் கிட்னிக் கல் உடைத்தார்களே, அந்த வகைதான். சுண்ணாம்பு வெளியே வராது; விரிசல் விட்டுச் சுவரிலேயே இருக்கும், குழாய் விரிந்து கொடுக்கும்.

வால்வு மாட்டின் இதய உறையில் தைத்தது என்றதும் அப்பச்சி முகம் சுளித்தார். பன்றியுடையதும் உண்டு என்றார் டாக்டர். அப்புறம் வாயே திறக்கவில்லை.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைக்க வேண்டி வரலாம், தொடையில் ரத்தம் கசியலாம், பக்கவாத பயம் இதிலும் கொஞ்சம் உண்டு. ஆனால் 3, 4 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய வால்வு அவருக்கு 1கூடத் திறக்கவில்லை. முகப்புப் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி, தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

லீவு எடுப்பதானால் ஆபரேஷன் அன்றைக்கு வேண்டாம். ஐ.சி.யூ. வாசலில் உட்கார நான் போதும். வீட்டுக்கு அழைத்து வந்தபிறகு வா. மாத்திரை கொடுக்கவும், அவர் கடைக்குக் கிளம்பாமல் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். இன்று ராத்திரி அவருக்கு போன் போடு. வால்வைப் பற்றிப் பேசாதே, கடைக் கணக்கு கேள்.

ஆத்தா