இறால் உனக்கு எப்போது கிரந்தியாயிற்று?

கரவெட்டி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவும் நானும் நலம். இக்கடிதம் வீட்டு முகவரிக்கு வராமல் உன் வேலைத்தலத்துக்கு வந்திருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். இதை நீ தனியாக வாசிக்க வேண்டும்; வாசித்தபின் வீட்டுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். தோட்டத்தில் வெங்காயம் நன்றாக வந்திருக்கிறது. மற்றப் புதினங்களை அம்மா தொலைபேசியில் சொல்வார்.

கலியாணம் முடித்த புதிதில் நீ சொன்னவையெல்லாம் குறைகளே. பிள்ளை கொழும்பில் வளர்ந்தவள், உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், சமைக்கத் தெரியாது, எதற்கும் எதிர்க்கதை கதைக்கிறாள் என்றாய். நான் கவலைப்படவில்லை, புதுக் குடித்தனத்தில் சண்டை இல்லையென்றால்தான் யோசிக்க வேண்டும். கார்த்திகை விளக்கீட்டுக்குப் பிறகு நீ குறை சொல்வதை நிறுத்திவிட்டாய். அவள் இப்போது உன்னை ‘இஞ்சாருங்கோ’ என்று அழைக்கிறாள் என்றும், நாங்கள் அனுப்பிய ஒடியல் மாவில் அப்பாச்சியின் கைப்பக்குவத்திலேயே கூழ் காய்ச்சினாள் என்றும், நீ சாப்பிட்டு எழும்பும்வரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றும் பெருமையாகச் சொன்னாய். கூழில் நண்டு, பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் இருந்தும் இறால் மட்டும் இல்லையாம். கேட்டதற்கு, ‘உங்களுக்குக் கிரந்தியெல்லோ’ என்றாளாம். அதைச் சொல்லி நீ சிரித்தாய். நான் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு விறாந்தையில் போய் இருந்துவிட்டேன்.

தம்பி, இறால் உனக்கு எப்போது கிரந்தியாயிற்று? தொண்டைமானாற்று இறாலைப் பொரித்து வைத்தால் தங்கைக்கு ஒன்றுமே மிஞ்சவிடாத பிள்ளை நீ. நம் குடும்பத்தில் இறால் ஒத்துக்கொள்ளாதவர் ஒருவர்தான் இருந்தார். அவர் உன் பெரியப்பா.

ஆயுள் முழுவதும் சைவசமயம் படிப்பித்தவன் நான். ஆறுமுக நாவலர் பெருமான் சிறுதெய்வ வழிபாட்டையும் உயிர்ப்பலியையும் கண்டித்ததை வகுப்பில் எடுத்துச் சொன்னவன். இறந்த உயிர் தன் வினைக்கேற்ற இடத்தைச் சேருமேயன்றி வேலியோரம் நின்று கூப்பிடாது என்று பிள்ளைகளின் பயம் தெளிவித்தவன். ஆகவே அடுத்து எழுதுவதை இலேசாக எழுதவில்லை என்பதை நீ உணர வேண்டும்.

மண்டபத்துப் படத்தில் இருக்கும் பெரியம்மா, 1964 ஆம் ஆண்டுப் புயல் அடித்த மார்கழியில், வடக்கறையில் பிள்ளைப்பேற்றின்போது இறந்தவர். ஆட்டைத் திவசம் முடிந்ததும் பெரியப்பாவுக்கு அளவெட்டியில் இரண்டாந் தாரம் பேசினார்கள். பெரியம்மாவின் தாலிக்கொடியையே பத்தர் பொன்னுருக்கில் புதுத் தாலிக்காக உருக்கினார். வந்த சின்னப் பெரியம்மா முதலில் அழுதபடியே இருந்தார். தாய் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தினமும் சண்டை. பிறகு ஒரு மாரியில் எல்லாம் அடங்கிவிட்டது. வீடு கூட்டினார், சிரித்தார், பெரியப்பாவுக்குப் பிடித்ததையெல்லாம் எவரும் சொல்லிக் கொடுக்காமலே சமைத்தார். சந்நிதி முருகன் கண் திறந்துவிட்டான் என்று அப்பாச்சி அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தார். பார்க்க வந்த பெற்ற தாயிடம் அவர், ‘நீங்கள் ஆரைத் தேடி வந்தனீங்கள்?’ என்று கேட்டபோதுதான் எங்களுக்குச் சுருக்கென்றது.

ஒருநாள் விளக்கு வைக்கும் நேரம் அவர் குசினிக்குள் வந்து அப்பாச்சியின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு, ‘மாமி, நான் எத்தனை நாளாய்ப் படுத்திருந்தனான்?’ என்று கேட்டார். அடுப்படியில் இருந்த எனக்கு அந்தக் குரல் புதிதாக இருந்தது, ஏனெனில் மாதக்கணக்காக நாங்கள் கேட்டுப் பழகியது வேறொரு குரல். உள்ளே பெரியப்பா செருமினார். சின்னப் பெரியம்மாவின் கை தலைப்பை விட்டது. கழுத்தை நிமிர்த்தி, ‘இந்தா வாறன், இஞ்சாருங்கோ’ என்று பழகிய குரலில் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

அவருடைய தாய், பார்வை பார்க்கிற ஒருவரைத் தேசிக்காய், வேப்பிலையோடும் கழிப்புக்கு நீற்றுப்பூசணிக்காயோடும் அழைத்து வந்தார். பெரியப்பா படலையைச் சாத்திக்கொண்டு நின்றார். ‘என்ரை மனிசி திரும்பி வந்திருக்கிறாள், ஒருத்தரும் உள்ளுக்கை வரப்படாது’ என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தம்பி. தெரிந்துகொண்டுதான் தினமும் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டார், அந்த அழைப்புக்கு ‘ஓம்’ என்றார். அடுத்த மார்கழியில், அதே வடக்கறையில், பிள்ளைப்பேற்றின்போதே சின்னப் பெரியம்மாவும் போனார். உன் பொன்னுருக்குக்கு அப்பாச்சி சேலை முடிச்சிலிருந்து அவிழ்த்துத் தந்த பொன் எது என்பது உனக்கே தெரியும். அதைப் பற்றி இனிப் பேசி ஆவதில்லை.

நீ கெட்டிக்காரன். உன் உழைப்பில்தான் தங்கையின் கலியாணம் நடந்தது. ஊரார் உன்னைச் சொல்லித்தான் என்னை மதிக்கிறார்கள். ஆனால் தனிமையில் வாடியவனுக்கு அன்பான சொல் கிடைத்தால் அது எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்க மனம் வராது. முன்பு கிழமைக்கு ஒருமுறை எடுத்தவன் இப்போது எடுப்பதே இல்லை; அம்மாவுக்கு மட்டும் நல்ல செய்தி ஒன்றைக் குறுஞ்செய்தியாக அனுப்பியிருக்கிறாய். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அவள் நிற்பது உனக்காக அல்ல, சமைப்பதும் உனக்காக அல்ல. உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சண்டை பிடித்தாளே, அந்தப் பிள்ளையைத்தான் நாங்கள் உனக்குக் கட்டி வைத்தோம்.

அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடு. பகலிலும் கூப்பிடு, நடுச்சாமத்தில் எழும்பி நின்றாலும் கூப்பிடு. ‘இஞ்சாருங்கோ’ என்றால் மறுமொழி சொல்லாதே. அவள் தன் தாயோடு கடைசியாக எப்போது கதைத்தாள் என்று விசாரி. நல்ல வைத்தியரிடம் கொண்டுபோய் இரவு நடப்பவற்றை ஒளிக்காமல் சொல். அவர் மனநோய் என்று மருந்து கொடுத்தால் என்னைவிடச் சந்தோசப்படுகிறவன் இருக்க மாட்டான். தாலிக்கொடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் தாலி போடச் சொல். அம்மா அபசகுனம் என்பார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் சந்நிதிக்குப் போகிறேன். கப்பூகர் வாய்கட்டிப் பூசை செய்யும்போது பிள்ளையின் பெயரைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். நீயும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் காலை பத்து மணிக்கு எடுப்பேன். தொலைபேசியை நீயே எடுக்க வேண்டும். போன தடவை நீ குளிக்கப் போயிருந்தபோது அவள்தான் எடுத்தாள். ‘பிள்ளை, மாமா கதைக்கிறன்’ என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, ‘தம்பியே? இண்டைக்குப் பள்ளிக்கூடம் போகேல்லையோ?’ என்று கேட்டாள்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா