படிக்கும்போதே ராணுவத்தில் சேர்வது குறித்து, 8 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களின் பெற்றோருக்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

"பையனை மிலிட்டரியில் சேர்க்கப் போகிறோம், டி.சி. கொடுங்கள்" என்று கேட்டு வரும் பெற்றோர் இருக்கிறார்கள். டி.சி. வாங்க வேண்டியதில்லை. பிளஸ் டூவைப் பாதியில் விட வேண்டியதும் இல்லை. மாணவர்களின் பேச்சில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை), டெரிட்டோரியல் ஆர்மி, அக்னிவீர் மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பதால்தான் இந்த அவசரம் வருகிறது. ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்கிறேன்.

பள்ளியில் படித்துக்கொண்டே சேரக்கூடியது என்.சி.சி. மட்டும்தான். காக்கிச் சீருடை, பூட்ஸ், துப்பாக்கிச் சுடும் பயிற்சி எல்லாம் இருந்தாலும் அது ராணுவம் அல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கும் மாணவர் படை அது. அதில் சேர்ந்ததால் மட்டும் போர்ப் பணிக்குப் போக வேண்டிய கடமை எந்த மாணவருக்கும் வராது. போர்ச் செய்தி வரும்போதெல்லாம் தாய்மார்கள் கேட்கும் கேள்வி என்பதால் இதை முதலில் எழுதினேன். பள்ளிப் பிரிவில் சேர வயது 12 முதல் 18½ வரை. பயிற்சி இரண்டு ஆண்டு. முடிவில் 'ஏ' சான்றிதழ்த் தேர்வு. அதை எழுத அணிவகுப்பு நாட்களில் 75 சதவீத வருகையும், பத்து நாள் முகாம் ஒன்றில் கலந்துகொண்டதற்கான பதிவும் தேவை. பிள்ளைகள் சறுக்குவது இந்த 75 சதவீதத்தில்தான். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தால் இரண்டாம் ஆண்டு பத்தாம் வகுப்பில் வந்து விழும். அப்போது சனிக்கிழமை டியூஷனா, பரேடா என்ற இழுபறியில் பரேடு தோற்றுப்போகும். ஆகவே எட்டாம் வகுப்பிலேயே சேர்த்துவிடுங்கள். பரேடு முடிந்ததும் தரும் சிற்றுண்டிக்காகவே பெயர் கொடுக்கிறவர்களும் உண்டு. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. புது பூட்ஸ் முதல் இரண்டு வாரம் குதிகாலைக் கடிக்கும். தடித்த பருத்திக் காலுறை வாங்கிக் கொடுத்து, வீட்டில் தினமும் அரை மணி நேரம் போட்டு நடக்கச் சொல்லுங்கள்.

என்.சி.சி. சான்றிதழுக்கு ராணுவ ஆள்சேர்ப்பில் ஊக்க மதிப்பெண் உண்டு. கல்லூரியில் பெறும் 'பி', 'சி' சான்றிதழ்களுக்கு மதிப்பு கூடுதல். ஆனால் சான்றிதழ் இருந்தால் வேலை உறுதி என்பது தவறு. ஓட்டத்தில் பின்தங்கியவரை எந்தச் சான்றிதழும் முன்னே கொண்டுவந்து நிறுத்தாது.

அடுத்தது டெரிட்டோரியல் ஆர்மி, அதாவது பிராந்திய ராணுவம். 1949 அக்டோபர் 9 அன்று, அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி தொடங்கி வைத்த படை. வேறு தொழிலோ வேலையோ உள்ளவர்கள் ஆண்டின் ஒரு பகுதியில் சீருடை அணிந்து பணியாற்றும் இருப்புப் படை இது. கோயம்புத்தூரில் மெட்ராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்த 110ஆவது பட்டாலியன் இருக்கிறது. தோனிக்கு 2011இல் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கிடைத்தது இந்தப் படையில்தான். அதைப் பார்த்துவிட்டு "நானும் சேர்கிறேன்" என்று கிளம்பும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இதற்குக் குறைந்தபட்ச வயது 18. 42 வயது வரை கதவு திறந்திருக்கும். அதிகாரியாக வேண்டுமென்றால் பட்டமும் சொந்த வருமானமும் வேண்டும். பள்ளி மாணவருக்கு இதில் இப்போது வேலை இல்லை.

பெற்றோர் உண்மையில் கேட்க வருவது மூன்றாவதான அக்னிவீர் பணியைப் பற்றி. அக்னிவீர்களைச் சேர்ப்பதற்காக 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் குறைந்தபட்ச வயது பதினேழரை. பொதுப்பணி (ஜெனரல் டியூட்டி) பிரிவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், மொத்தம் 45 சதவீதமும், ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதமும் போதும். இதைப் படித்தவுடன் "அப்புறம் எதற்கு பிளஸ் டூ?" என்ற கேள்வி வருகிறது. நிறுத்தி யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஒப்பந்தம் நான்கு ஆண்டு. முதலாண்டு மாதச் சம்பளத் தொகுப்பு 30,000 ரூபாய். அதில் 30 சதவீதம் சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போக, கைக்கு வருவது 21,000. நான்காம் ஆண்டில் தொகுப்பு 40,000, கைக்கு 28,000. முடிவில் பிடித்தத்தோடு அரசும் சமமாகப் போட்டு, வட்டியுடன் சுமார் 11.71 லட்சம் ரூபாய் தருவார்கள். அதற்கு வருமான வரி இல்லை. ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடையாது. ஒரே சமயத்தில் சேர்ந்தவர்களில் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவோர் 25 சதவீதம் வரை. மற்றவர்கள் இருபத்திரண்டு வயதுவாக்கில் வீடு திரும்புவார்கள். கையில் பிளஸ் டூ இருந்தால் அந்த வயதில் காவலர் தேர்வு, மத்திய ஆயுதப்படை, கல்லூரி, வங்கித் தேர்வுக்குத் தேவைப்படும் பட்டப்படிப்பு என்று பல வழிகள் உண்டு. பத்தாம் வகுப்பு மட்டும் என்றால் பாதி அடைபட்டிருக்கும். பணியில் இருந்தபடியே தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்க ஏற்பாடு இருக்கிறது, உண்மைதான். ஆனால் இங்கே ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது படிக்காத இயற்பியலை அங்கே பயிற்சி முடிந்த களைப்பில் படிப்பது யாருக்கும் எளிதல்ல.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். விண்ணப்பம் இணையத்தில் ஆண்டின் முற்பகுதியில் திறக்கும். 2025 வரையிலான அறிவிப்புகளில் வயது அக்டோபர் 1ஐ வைத்துக் கணக்கிடப்பட்டது. கணினித் தேர்வு பொதுத்தேர்வுக்குப் பிறகும், உடல்தகுதி முகாம் அதற்கும் பிறகும் வரும். ஆகவே பிளஸ் டூ படிக்கும் மாணவர் ஒரு வகுப்பையும் விடாமல் விண்ணப்பித்து, பொதுத்தேர்வை முடித்துவிட்டே அந்தத் தேர்வுக்குப் போகலாம். படிப்பை நிறுத்துவதால் ஒரு மாதம்கூட மிச்சமாகாது. பிளஸ் டூ மதிப்பெண் இருந்தால் வேறு பிரிவுகளும் திறக்கும். தொழில்நுட்பப் பிரிவுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலத்துடன் மொத்தம் 50 சதவீதம், பாடத்துக்கு 40. எழுத்தர் பிரிவுக்கு மொத்தம் 60, பாடத்துக்கு 50.

"பதினேழரை வயதுப் பிள்ளையை எல்லைக்கு அனுப்பிவிடுவார்களா?" என்றால், மாட்டார்கள். 18 வயது நிறையாதவரைப் போர்முனைப் பகுதிக்கு அனுப்புவதில்லை என்று இந்தியா ஐ.நா. உடன்படிக்கையில் அறிவித்திருக்கிறது. ஆனால் சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்று நான்கு ஆண்டுக்குள் தானாக விலகி வர முடியாது. மிக அரிதான காரணங்களுக்கே அனுமதி உண்டு. 18 நிறையாத மாணவரின் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து கேட்பார்கள். கையெழுத்திடும்முன் இதைப் பிள்ளையிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

இனி ஆவணங்கள். பிள்ளைகள் ஓட்டத்தில் தோற்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. இனிஷியலில் தோற்பதுதான் வயிற்றெரிச்சல். விண்ணப்பத்தில் மாணவர் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த தேதி நான்கும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நம் ஊர் வழக்கத்தில் சான்றிதழில் "மு. கார்த்திக்" என்றும், ஆதாரில் "கார்த்திக் முருகன்" என்றும், வங்கிக் கணக்கில் "கார்த்திக்" என்று மட்டும் இருக்கும். அம்மா பெயர் ஓரிடத்தில் "செல்வி", இன்னோரிடத்தில் "தமிழ்ச்செல்வி". வடஇந்திய வழக்கில் பெயரைப் பார்த்துப் பழகிய அலுவலருக்கு இவர்கள் வெவ்வேறு ஆட்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாராகும்போது திருத்தப்படிவம் ஒன்று உங்கள் வீட்டுக்கு வரும். பிள்ளையே கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவதுதான் வழக்கமாக நடக்கிறது. இந்த முறை ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே பாருங்கள். சான்றிதழ் அச்சான பின் திருத்துவதென்றால் பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். சான்றிதழ் சரியாக இருந்து ஆதார் தவறாக இருந்தால் ஆதாரைத் திருத்துவதே சுலபம்.

முகாமுக்குக் கேட்பவை: பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மூலச் சான்றிதழ்கள், இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, திருமணமாகாதவர் என்ற சான்று, பள்ளி தரும் நன்னடத்தைச் சான்று, முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம், சமீபத்தில் எடுத்த இருபது வண்ணப் புகைப்படங்கள். நன்னடத்தைச் சான்றும் திருமணமாகாதவர் சான்றும் ஆறு மாதத்துக்குள் வாங்கியவையாக இருக்க வேண்டும். முன்கூட்டியே வாங்கி வைத்தால் காலாவதியாகிவிடும். புகைப்படத்தில் முடி வெட்டி, முகம் மழித்து இருக்க வேண்டும். கைபேசிச் செயலியில் பின்னணி மாற்றிய படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உடல்தகுதியில், பொதுப்பணிக்குத் தமிழ்நாட்டு மாணவருக்கு உயரம் 166 செ.மீ., மார்பு 77 செ.மீ., மூச்சிழுத்தால் 5 செ.மீ. விரிவு. 1.6 கி.மீ. ஓட்டத்தை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு மதிப்பெண் 60. பத்து புல்-அப்ஸ் எடுத்தால் 40. ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவதும் வளைந்து செல்லும் கட்டையில் நடப்பதும் தேர்ச்சி பெற்றால் போதும். முகாமில் கூட்டமாக ஓடவிடுவார்கள். முன்னால் இருப்பவரைச் சுற்றிக் கடப்பதிலேயே பத்துப் பதினைந்து விநாடி போய்விடும். மைதானத்தில் தனியாக 5.30 ஓடுகிறவர் அங்கே 5.45க்குத்தான் வருவார். எனவே இங்கே இலக்கு 5.15.

மூன்று வாரத்தில் தயாராகிவிடலாம் என்று விடியற்காலையில் தார்ச்சாலையில் தேய்ந்த கேன்வாஸ் ஷூவோடு ஓடித்தான் பையன்கள் முன்னங்கால் எலும்பு வலியை வாங்கிக்கொள்கிறார்கள். வலியோடு ஓடினால் எலும்பில் விரிசல் வரை போகும். பிளஸ் ஒன் முதலே வாரம் நான்கு நாள், மண்தரையில், மெதுவாக மூன்று கி.மீ. ஓடத் தொடங்கினால் போதும். வேக ஓட்டம் வாரம் ஒரு நாள்: 400 மீட்டர் நான்கு முறை, நடுவே இரண்டு நிமிட ஓய்வு. புல்-அப்ஸ் ஒன்றுகூட வராதவர் முதலில் கம்பியில் முப்பது விநாடி தொங்கட்டும். பிறகு நாற்காலியில் ஏறி மேலே பிடித்துக்கொண்டு மெல்லக் கீழிறங்கிப் பழகட்டும். உடம்பு ஏற்றும் மாவும் ஊசியும் வேண்டாம். முட்டை, கடலை, கேழ்வரகுக் கூழ், எட்டு மணி நேரத் தூக்கம் போதும்.

மருத்துவச் சோதனையில் எதிர்பாராமல் மாட்டுபவை சிறியவைதான். காதில் அடைத்த அழுக்கு, சொத்தைப் பல், தட்டைப் பாதம், நிற்கும்போது உரசும் முழங்கால்கள், நிறம் பிரித்தறியாத கண். முதல் இரண்டையும் மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்யலாம். நிறக்குருடு சரியாகாது. ஓராண்டு உழைத்த பிறகு தெரிவதைவிட, அரசு மருத்துவமனையில் இப்போதே பார்த்துவிடுங்கள். பச்சை குத்தியிருந்தால் இடத்தைப் பொறுத்துத் தள்ளிவிடுவார்கள். நாயகர் முகத்தைத் தோளில் குத்திக்கொள்ளும் ஆசை யாருக்காவது இருந்தால் தள்ளிப்போடச் சொல்லுங்கள். தகுதியில்லை என்றால் ராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனை கேட்கும் உரிமை உண்டு. கொடுக்கும் கெடுவுக்குள் போய்விட வேண்டும்.

"ரெண்டு லட்சம் கொடுங்கள், உள்ளே ஆள் இருக்கிறது" என்று வருபவரிடம் ஏமாறாதீர்கள். தேர்வு கணினியில் நடக்கிறது, ஓட்டம் கடிகாரத்தில் நடக்கிறது. பயிற்சி மையத்தில் சேர்த்தாலும் மூலச் சான்றிதழை அங்கே ஒப்படைக்காதீர்கள். பாதியில் நின்றால் மீதிக் கட்டணம் கட்டும்வரை தராமல் வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் சென்னை, கோயம்புத்தூர், திருச்சியில் உள்ள ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகங்களில் நேரடியாகக் கேட்கலாம்.

நன்றாகப் படிக்கும் பிள்ளை என்றால், படை அதிகாரியாவதற்கான தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வை மறந்துவிடாதீர்கள். யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. வயது 16½ முதல் 19½. பிளஸ் டூ படித்துக்கொண்டே எழுதலாம். 2021 முதல் பெண்களும் எழுதுகிறார்கள். கணிதம் 300, பொதுத்திறன் 600 மதிப்பெண். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருக்கும் என்பதால், தமிழ்வழி மாணவர்கள் கணிதக் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் படித்துவைக்க வேண்டும். கணித ஆசிரியரிடம் கேட்டால் பட்டியல் தருவார்.

நன்னடத்தைச் சான்று வேண்டுவோர் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நகல், ஆதார் நகல், இரண்டு புகைப்படங்களுடன் பெற்றோரில் ஒருவர் அலுவலகத்துக்கு வரவும். மூன்று வேலைநாளில் தருகிறோம். முகாமுக்கு முந்தைய மாலை வந்து நின்றால் கையெழுத்திட நான் ஊரில் இல்லாமல் போகலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்