செயலி கைதட்டினால் படித்ததாக ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பரீட்சை லீவு விட்டதும், அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில் போன் பிள்ளைகள் கைக்குப் போய்விடுகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். போனையே கண்ணில் காட்டாதே என்று சொல்கிறவர்கள் சொல்வது நியாயம்தான், முடிந்தவர்கள் செய்யட்டும், எனக்கு முடியவில்லை. நான் எழுத வந்தது வேறு விஷயம். கொடுக்கிற அந்த அரை மணி நேரத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்று நம்மில் பலரும் கூட உட்கார்ந்து பார்ப்பதே இல்லை. செயலியின் பெயரில் ‘கல்வி’ என்றோ ‘லேர்னிங்’ என்றோ இருந்துவிட்டால், பிள்ளை படிக்கிறது என்று நம்பி அடுப்படிக்குப் போய்விடுகிறோம். நானும் இரண்டு மாதம் அப்படித்தான் நம்பினேன்.

சின்னவள் யூகேஜி படிக்கிறாள். தமிழ் எழுத்து பழக ஒரு செயலி இறக்கிக் கொடுத்திருந்தேன், பெயர் வேண்டாம். எல்லா எழுத்தும் முடித்துவிட்டாள், திரை நிறைய நட்சத்திரம். ஒரு நாள் சாயங்காலம் சிலேட்டைக் கொடுத்து ‘அ’ எழுதச் சொன்னேன். கடைசியில் போட வேண்டிய நேர்கோட்டை முதலில் போட்டாள், அதுவும் கீழிருந்து மேலே. அப்புறம் சுழியை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்க்கிறாள். அவள் தூங்கின பிறகு அந்தச் செயலியை நானே திறந்து பார்த்தேன். புள்ளிகள் மேல் விரலை எப்படித் தேய்த்தாலும் நிறம் ஏறுகிறது. துணி வைத்துத் துடைப்பதைப் போலக் குறுக்கும் நெடுக்கும் தேய்த்தேன், ‘சூப்பர்’ என்று கைதட்டியது. சத்தத்தைக் கூட்டி வைத்து வாழைப்பழப் படத்தைத் தொட்டால் வருகிற குரல் ‘வாளைப்பளம்’ என்கிறது. பிள்ளையும் அப்படியேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் மழலை என்று ரசித்துக்கொண்டிருந்தோம், அது போன் சொல்லிக் கொடுத்த உச்சரிப்பு. அதைத் திருத்துவதற்குள் என் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நாக்கை மேலே மடித்துக் காட்டிக் காட்டி, ஒரு வாரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்.

பணம் போன கதையும் ஒன்று உண்டு. ஏழு நாள் இலவசம் என்று போட்டிருந்த ஒரு கணக்குச் செயலியில், பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் ஆட்டோபே கொடுத்துவிட்டு, பிடிக்காமல் மூன்றாம் நாளே போனிலிருந்து அழித்துவிட்டேன். எட்டாம் நாள் ஒரு வருடச் சந்தா கணக்கிலிருந்து போய்விட்டது. செயலியை அழித்தால் சந்தா அழியாது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அதற்குள்ளேயே சப்ஸ்கிரிப்ஷன் பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும், யூபிஐ என்றால் அந்த ஆப்பில் ஆட்டோபே பட்டியலைப் பார்க்க வேண்டும். தெரியாதவர்கள் இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள். இது நம் ஊரில் மட்டும் நடப்பது கிடையாது. அமெரிக்காவில் ஏபிசிமவுஸ் என்ற குழந்தைகள் செயலியை நடத்தும் நிறுவனம், சந்தாவை நிறுத்த விடாமல் இழுத்தடித்ததாக வந்த புகாரில், 2020-இல் 1 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இதற்கெல்லாம் பிறகு எந்தச் செயலியாக இருந்தாலும் முதலில் நான் இருபது நிமிடம் விளையாடிப் பார்க்கிறேன், வேண்டுமென்றே தப்பாக. தப்பான விடையைத் தொட்டால் என்ன செய்கிறது என்பதில்தான் செயலியின் லட்சணம் தெரிகிறது. சில செயலிகள் ‘மறுபடி முயற்சி செய்’ என்று மட்டும் சொல்லும். பிள்ளை நான்கு விடையையும் வரிசையாகத் தொட்டு, கடைசியில் சரியானதில் வந்து நிற்கும், உடனே பட்டாசு வெடிக்கும். நல்ல செயலி கொஞ்சம் நின்று, எண்ணிக் காட்டும், இல்லையென்றால் அதைவிட எளிதான கேள்வி ஒன்றைக் கொடுக்கும். அப்புறம் விளம்பரம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு விளம்பரம் எது, பாடம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, மின்னுகிற இடத்தைத் தொடும், அவ்வளவுதான். இறக்கும் முன்பே விளம்பரம் உண்டா, உள்ளே வாங்கச் சொல்லுமா என்று பிளே ஸ்டோரில் செயலியின் பெயருக்குக் கீழேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்தாலே பாதியைத் தள்ளிவிடலாம்.

இப்படித் தள்ளித் தள்ளி எங்கள் வீட்டில் மிஞ்சியது நான்குதான். கான் அகாடமி கிட்ஸ், இலவசம், விளம்பரம் கிடையாது, லாப நோக்கம் இல்லாத அமைப்பு நடத்துவது. தமிழில் இல்லை என்பதுதான் குறை. கூகுளின் ரீட் அலாங், 2019-இல் நம் நாட்டில் ‘போலோ’ என்ற பெயரில் முதலில் வந்தது, தமிழிலும் கதைகள் உண்டு. பிள்ளை வாய்விட்டுப் படிக்க வேண்டும், அது கேட்டுக்கொண்டே வரும், திணறுகிற சொல்லைத் தொட்டால் படித்துக் காட்டும். சில சமயம் சரியாகப் படித்ததையும் தப்பு என்கிறது, அதனால் பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது. பிரதம் புக்ஸ் என்ற குழந்தைகள் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் தமிழ்க் கதைப் புத்தகங்கள் படத்தோடு நிறைய இருக்கின்றன, நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள், காசு கிடையாது.

மூன்றாம் வகுப்பு படிக்கும் பெரியவனுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர். ஐந்து முதல் ஏழு வயதுக்கு என்று செய்தது, ஆனால் இவன் இன்னும் விடுவதாக இல்லை. அதில் படிக்க வேண்டிய சொல்லே கிடையாது, அம்புக்குறி போட்ட துண்டுகளைக் கோத்துப் பூனையை நடக்க வைக்க வேண்டும். பூனையைக் கோழியிடம் கொண்டுபோக எத்தனை கட்டம் நடக்க வேண்டும் என்பதற்கு 5 என்று போட்டான், நடுவழியில் நின்றுவிட்டது. 9 போட்டான், தாண்டிப் போய்விட்டது. அப்புறம் திரையில் கட்டக் கோடுகளை வரவழைத்து, விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணி 7 போட்டான். பூனை போய் நின்றதும் கைதட்ட அங்கே யாரும் இல்லை, அவனே எழுந்து குதித்தான். நான் தேடியது இதைத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நேரக் கணக்கையும் விட்டுவிடக் கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. செயலி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது.

கடைசியாக ஒரு கோரிக்கை. 2018-லிருந்து நம் பாடநூல்களில் க்யூஆர் கோடு போட்டு வருகிறது பள்ளிக் கல்வித் துறை. அந்த அளவுக்குச் செய்ய முடிந்தவர்கள், தமிழ் எழுத்து கற்றுக்கொடுக்கும் செயலிகளைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லி, தேறியவற்றின் பட்டியலை வெளியிடலாமே. உங்கள் நாளிதழும் சினிமா விமர்சனத்துக்குப் பக்கத்தில் வாரம் ஒரு செயலியைப் பற்றி நாலு வரி எழுதலாம். முதல் வாரத்துக்குத் தமிழ் எழுத்துச் செயலிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடு எங்கே தொடங்குகிறது, ழ எப்படி ஒலிக்கிறது, இந்த இரண்டையும் தயவுசெய்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
கோபிசெட்டிபாளையம்.